சம்மன் அதிகாரம் இல்லாத விசாரணை: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன்மீதே ஒரு கண்காணிப்பு அமைப்பை வைத்துக்கொண்ட கதை

2008 மார்ச் 11. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை ஒரு நடைமுறைத் தீர்மானத்தின் மீது வாக்களித்துக்கொண்டிருந்தது. 15 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வாக்குப்பதிவு நேரம் கடந்தும் திறந்தே இருந்தது. பெரும்பான்மை வைத்திருந்த ஜனநாயகக் கட்சியின் தலைவர்கள் தங்கள் உறுப்பினர்களிடமே மனம் மாறச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 207க்கு 206 என்று ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் தப்பியது.

அது தப்பியதால்தான் அடுத்த வாக்கெடுப்புக்கே வழி பிறந்தது. அதில் 229 பேர் ஆதரித்தார்கள், 182 பேர் எதிர்த்தார்கள். 'நாடாளுமன்ற நெறிமுறை அலுவலகம்' பிறந்தது. சபை உறுப்பினர்களின் நடத்தையை, சபையில் இல்லாத வெளியாட்கள் ஆராயலாம் என்று பிரதிநிதிகள் சபை ஒப்புக்கொண்டது அதன் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அதுதான் முதல் முறை.

இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலாவதில் 207, சற்று நேரத்தில் நடந்த இரண்டாவதில் 229. இரண்டுமே பெயர் பதிவாகும் வாக்குகள்தான். ஆனால் நடைமுறைத் தீர்மானத்தில் நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்று தொகுதியில் யாரும் கேட்க மாட்டார்கள். நெறிமுறை அமைப்பையே எதிர்த்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். சத்தமில்லாமல் முடித்துவிட நினைத்தவர்கள் பலர், வெளிப்படையாக எதிர்க்கத் துணியவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அந்த அலுவலகத்தின் பின்னாளைய கதை முழுவதும் இந்தப் பயத்தைச் சுற்றியே நடக்கிறது. அதைக் காப்பாற்றியது எப்போதும் இந்தப் பயம்தான், அதைக் குலைக்க நடந்த முயற்சிகள் எல்லாம் யாரும் பார்க்காத நேரம் பார்த்து நடந்தவை.

சரி, முதலில் இப்படி ஓர் அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு சொல்வது இது: ஒவ்வொரு சபையும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம், ஒழுங்கு மீறும் உறுப்பினரைத் தண்டிக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்பினால் வெளியேற்றலாம். தண்டிக்கும் அதிகாரம் சபைக்கு. அதை வெளியே யாருக்கும் முழுதாகக் கைமாற்ற முடியாது. 1967இல் பிரதிநிதிகள் சபை இதற்கென்று ஒரு நிரந்தரக் குழுவை அமைத்தது. இன்று அதன் பெயர் நெறிமுறைக் குழு. சபையில் யாருக்குப் பெரும்பான்மை இருந்தாலும் இந்தக் குழுவில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சம எண்ணிக்கை, இப்போது ஐந்துக்கு ஐந்து. எந்தக் கட்சியும் மற்றக் கட்சியை வேட்டையாடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் ஐந்துக்கு ஐந்து என்றால் எதுவும் நகராது. அங்கே உட்காருபவர் நாளை தன் மசோதாவுக்கு யாருடைய வாக்கைக் கேட்கப் போகிறாரோ, அவரைத்தான் இன்று விசாரிக்க வேண்டும். கூட வேலை பார்ப்பவரை விசாரிக்கும் இந்த வேலையை யாரும் விரும்பி ஏற்பதில்லை.

1997இல் நிலைமை இன்னும் மோசமானது. அந்த ஆண்டு ஜனவரியில் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சை சபை 395க்கு 28 என்ற வாக்கில் கண்டித்து 3 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அந்தச் சண்டையில் இரு கட்சிகளுமே காயப்பட்டிருந்தன. செப்டம்பரில் விதிகளைத் திருத்தியபோது, உறுப்பினர் அல்லாத வெளியார் நெறிமுறைக் குழுவிடம் நேரடியாகப் புகார் கொடுக்கும் வழியை அடைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு உறுப்பினர்தான் இன்னொரு உறுப்பினர் மீது புகார் கொடுக்க வேண்டும். நீ என்னைத் தொடாதே, நான் உன்னைத் தொட மாட்டேன் என்று இரு கட்சிகளும் எழுதாமலே ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அது நீடித்தது.

2004இல் அந்த மௌனத்தைக் கலைத்தவர் டெக்சஸின் கிறிஸ் பெல். உட்கட்சித் தேர்தலில் தோற்றுச் சபையை விட்டுப் போகவிருந்த உறுப்பினர், அதனால் அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலே மீது அவர் புகார் கொடுத்தார். நெறிமுறைக் குழு அந்த ஆண்டில் டிலேவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எச்சரித்தது. குழுவின் தலைவர் ஜோயல் ஹெஃப்லி டிலேவின் சொந்தக் கட்சிக்காரர், ஆனாலும் கடமையைச் செய்தார். 2005 தொடக்கத்தில் அவர் அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். உள்ளுக்குள்ளேயே நேர்மையாக நடக்க முயன்ற ஒருவருக்குக் கிடைத்தது இதுதான். சபை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலிஃபோர்னியாவின் ராண்டி கன்னிங்ஹாம் ராணுவ ஒப்பந்தக்காரர்களிடம் 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதை 2005 நவம்பரில் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். ஒப்பந்தத் தொகை எவ்வளவு கூடினால் லஞ்சம் எவ்வளவு என்று நாடாளுமன்ற முத்திரை போட்ட குறிப்புத் தாளிலேயே கணக்கு எழுதி வைத்திருந்தார். எட்டு ஆண்டு நான்கு மாதச் சிறை. லூசியானாவின் வில்லியம் ஜெஃபர்சன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் 90,000 டாலர் ரொக்கம் கிடைத்தது. லாபியிஸ்ட், அதாவது வாடிக்கையாளர்களுக்காக உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டும் தொழில் செய்பவர், ஜாக் ஏப்ரமாஃப் 2006 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரிடம் சலுகை பெற்ற ஒஹையோவின் பாப் நே அதே ஆண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டு 30 மாதம் உள்ளே போனார். செப்டம்பர் கடைசியில் ஃபுளோரிடாவின் மார்க் ஃபோலி, சபையில் உதவியாளர்களாக இருந்த பள்ளிச் சிறுவர்களுக்கு அனுப்பிய செய்திகள் வெளியாகிப் பதவி விலகினார்.

இவற்றில் எதையும் நெறிமுறைக் குழு கண்டுபிடிக்கவில்லை. கன்னிங்ஹாம் கதை ஒரு பத்திரிகையாளர் அவருடைய வீட்டு விற்பனை விலையைத் தோண்டியதில் தொடங்கியது. மற்றவை நீதித்துறையும் செய்தியாளர்களும் வெளிக்கொண்டு வந்தவை. 2006 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி இரண்டு சபைகளையும் இழந்தது. சேற்றை வடிப்பேன், அதாவது ஊழலை ஒழிப்பேன் என்று வாக்குறுதி கொடுத்த ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசி 2007 ஜனவரியில் சபாநாயகர் ஆனார்.

அந்த மாதத்திலேயே செனட் சபையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சுயேச்சையான விசாரணை அலுவலகம் ஒன்றை அமைக்கும் திருத்தம் அங்கே வந்தது. லீபர்மன், காலின்ஸ், மக்கெய்ன், ஒபாமா என்று இரு கட்சிப் பெயர்களும் அதன் பின்னால் இருந்தன. 27க்கு 71 என்று தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இதே போன்ற திருத்தம் 30க்கு 67. இத்தனை ஊழலுக்குப் பிறகு, இரண்டாவது முறையில் ஆதரவு கூடவில்லை, குறைந்துதான் போனது.

கப்யுவானோ செய்த பேரம்

பெலோசி பிரதிநிதிகள் சபையில் எட்டு பேர் கொண்ட பணிக்குழுவை அமைத்தார், கட்சிக்கு நான்கு பேர். தலைவர் மாசசூசெட்ஸின் மைக்கேல் கப்யுவானோ, சோமர்வில் நகரின் முன்னாள் மேயர். குடியரசுக் கட்சித் தரப்பின் மூத்தவர் டெக்சஸின் லமார் ஸ்மித். மாநிலச் சட்டமன்றங்களில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் அவர்கள் பார்த்தார்கள். கென்டக்கி மாநிலம் அவர்களுக்கு நல்ல முன்மாதிரி. அங்கே பெரிய லஞ்ச ஊழல் ஒன்று வெடித்த பிறகு, 1993இல் சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர்களைக் கொண்ட நெறிமுறை ஆணையத்தைச் சட்டம் போட்டே அமைத்துவிட்டார்கள்.

ஓர் ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு கப்யுவானோ கொண்டுவந்த வடிவம் இது. ஆறு பேர் கொண்ட வாரியம், கூடவே இரண்டு மாற்று உறுப்பினர்கள். மூவரைச் சபாநாயகர் சிறுபான்மைத் தலைவரின் ஒப்புதலோடு நியமிப்பார், மூவரைச் சிறுபான்மைத் தலைவர் சபாநாயகரின் ஒப்புதலோடு நியமிப்பார். பதவியில் இருக்கும் உறுப்பினர்களோ லாபியிஸ்ட்களோ அதில் இருக்கக் கூடாது. விசாரணையைத் தொடங்க வாரியத்தில் இருவர் எழுத்தில் கேட்க வேண்டும், அந்த இருவரில் ஒருவர் இந்தப் பக்கத்தால் நியமிக்கப்பட்டவர், மற்றவர் அந்தப் பக்கத்தால் நியமிக்கப்பட்டவர். முதற்கட்ட ஆய்வுக்கு 30 நாள். மூன்று பேர் சரி என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு 45 நாள், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள். அதன் பிறகு கோப்பு நெறிமுறைக் குழுவுக்குப் போய்விட வேண்டும். மேலும் விசாரிக்கலாம் என்றோ தள்ளுபடி செய்யலாம் என்றோ பரிந்துரைக்க நான்கு வாக்குகள் வேண்டும்.

இருவரும் ஒரே பக்கத்தவராக இருக்கலாம் என்பதுதான் முதல் வரைவில் இருந்தது. பழிவாங்க இது வழி திறக்கும் என்ற எதிர்ப்பு வந்ததும் மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். பின்னாளில் இந்த அலுவலகம் பாரபட்சம் காட்டுகிறது என்று யார் சொன்னாலும், உன் கட்சித் தலைவர் நியமித்தவரும் கையெழுத்துப் போட்டுத்தான் விசாரணை தொடங்கியது என்ற பதில் தயாராக இருந்தது.

குறை எங்கே என்றால், சம்மன் அனுப்பும் அதிகாரம் கிடையாது. ஆவணத்தைக் கொடு என்று கேட்கலாம், கொடுக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியை அழைக்கலாம், வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சம்மன் அனுப்புங்கள் என்று நெறிமுறைக் குழுவுக்குப் பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். தண்டிக்கும் அதிகாரமும் இல்லை, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் இல்லை.

இதனால் வெளியே இருந்த சீர்திருத்த அமைப்புகளே இரண்டாகப் பிரிந்தன. காமன் காஸ், மகளிர் வாக்காளர் கழகம் போன்றவை இதையாவது வாங்கிக்கொள்வோம் என்றன. நார்மன் ஆர்ன்ஸ்டீன், தாமஸ் மான் என்ற இரண்டு நாடாளுமன்ற ஆய்வாளர்கள் கப்யுவானோவுடன் நின்றார்கள். மறுபக்கத்தில் 'க்ரூ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கண்காணிப்பு அமைப்பு, சம்மன் இல்லாத விசாரணை வெறும் தோற்றம் என்று எதிர்த்தது. லமார் ஸ்மித்தோ வெளி அமைப்பே வேண்டாம், முன்னாள் உறுப்பினர்கள் சிலரை நெறிமுறைக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியிலிருந்து 33 பேர் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியில் 23 பேர் எதிர்த்தார்கள்.

சம்மன் இல்லாமல் இருந்தது பெரிய குறைதான், இன்றைக்கும் அது குறைதான். ஆனால் எதிர்த்தவர்களில் பலர் கவனிக்கத் தவறியது தீர்மானத்தின் வேறொரு பகுதியில் இருந்தது. மேலும் விசாரிக்க வேண்டும் என்று அலுவலகம் அனுப்பும் கோப்பை நெறிமுறைக் குழு 45 நாளுக்கு வைத்திருக்கலாம். இன்னொரு 45 நாள் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு அந்த அறிக்கையும் கண்டறிந்தவையும் வெளியாகியே தீர வேண்டும். குழு உண்மையிலேயே விசாரணைத் துணைக்குழு அமைத்தால் கூடுதல் அவகாசம் உண்டு, அதுவும் ஓர் ஆண்டுக்குள். நீதித்துறை கேட்டுக்கொண்டால் தள்ளி வைக்கலாம், ஆனால் தள்ளி வைத்திருக்கிறோம் என்று அறிவிக்க வேண்டும். புகாரைக் குழு தள்ளுபடி செய்தாலும், அலுவலகம் விசாரிக்கச் சொல்லியிருந்தால் அறிக்கை வெளிவரும். அலுவலகமே தள்ளுபடி செய்யச் சொல்லி, குழுவும் ஒப்புக்கொண்டால் மட்டுமே கோப்பு மூடப்படும். குற்றமற்றவருக்கு அது பாதுகாப்பு.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நடந்ததை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். தணிக்கையாளரை மாற்றுவது பற்றி மூன்று பொதுக்கூட்டங்களில் சண்டை போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, தணிக்கை அறிக்கை எப்படி இருந்தாலும் ஜூன் 15ஆம் தேதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும், செயற்குழுவின் சம்மதம் தேவையில்லை என்று ஒரு வரித் தீர்மானம் கொண்டுவந்தார். தணிக்கையாளர் மாறவில்லை, செயற்குழுவும் அதே ஆட்கள்தான். அடுத்த ஆண்டுக் கணக்கில் ரசீது இல்லாத செலவு ஒன்றுகூட இல்லை.

முதல் அறிக்கைகள், முதல் கோபம்

வாரியத்துக்கு இரண்டு தலைவர்கள் வந்தார்கள். கொலராடோவின் முன்னாள் ஜனநாயக உறுப்பினர் டேவிட் ஸ்காக்ஸ் ஒருவர், ஃபுளோரிடாவின் முன்னாள் குடியரசுக் கட்சி உறுப்பினரும் சி.ஐ.ஏ.வின் முன்னாள் இயக்குநருமான போர்ட்டர் காஸ் மற்றவர். அரசு வழக்கறிஞராக இருந்த லியோ வைஸ் அலுவலகத்தின் முதல் தலைமை அதிகாரி. சின்ன அலுவலகம், ஆண்டுச் செலவு சுமார் 15 லட்சம் டாலர்.

2009இல் அவர்கள் தொட்ட முதல் பெரிய விஷயம், பிஎம்ஏ என்ற லாபி நிறுவனம். அதன் வாடிக்கையாளர்களுக்கு ராணுவ நிதி ஒதுக்கீடு வாங்கித்தந்த உறுப்பினர்களுக்குத் தேர்தல் நன்கொடை போனதா என்பது கேள்வி. பீட்டர் விஸ்க்லாஸ்கி, டாட் டியார்ட் என்ற இருவர் மீது மேலும் விசாரணை வேண்டும் என்று அலுவலகம் சொன்னது. டியார்ட் கப்யுவானோவின் எட்டுப் பேர் பணிக்குழுவிலேயே இருந்தவர். 2010 பிப்ரவரியில் நெறிமுறைக் குழு இருவர் மீதும் தவறில்லை என்று முடித்தது. ஆனால் அலுவலகத்தின் கண்டறிதல்கள் வெளிவந்தன. நன்கொடையும் ஒதுக்கீடும் எந்த வரிசையில் வந்தன என்பதைப் படிக்க விரும்பியவர்கள் படித்தார்கள்.

கோபம் உடனே கிளம்பியது. அதில் ஒரு பகுதிக்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் விசாரணைக்குள்ளானவர்களில் கறுப்பின உறுப்பினர்கள் அவர்களுடைய எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் மேக்சின் வாட்டர்ஸ் மீதான வங்கி விவகாரம் 2009இல் அனுப்பப்பட்டது. நெறிமுறைக் குழு அதைக் கையாண்ட விதத்தில் ஏற்பட்ட குளறுபடியால் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2012 செப்டம்பரில்தான் அவர்மீது தவறில்லை என்று முடிவானது. மூன்று ஆண்டுகள் பெயர் சந்தையில் கிடந்தது. அலுவலகம் தன் கெடுவைக் காப்பாற்றியது, தாமதம் குழுவிடம் என்பது உண்மை. வாட்டர்ஸுக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல் இருந்திருக்கும்?

2010இல் ஒஹையோவின் மார்சியா ஃபட்ஜ், இன்னும் 19 உறுப்பினர்களோடு, அறிக்கை வெளியாவதைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எங்கும் போகவில்லை. 2011 ஜூலையில் வட கரோலினாவின் மெல் வாட் வேறு வழி பார்த்தார். அலுவலகத்தின் பட்ஜெட்டில் 40 சதவீதத்தை வெட்ட வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். அவரையும் அலுவலகம் முன்பு ஆராய்ந்து, பிறகு கைவிட்டிருந்தது. 102க்கு 302 என்று திருத்தம் விழுந்தது. தனி அறையில் ரகசிய வாக்காக இருந்திருந்தால் எண்கள் இப்படி இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பாகு பயணம்

அலுவலகத்துக்கும் குழுவுக்கும் நேரடி மோதல் வந்தது அஜர்பைஜானால். 2013 மே மாதம் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் பத்துப் பேரும் உதவியாளர்கள் முப்பதுக்கு மேற்பட்டவர்களும் தலைநகர் பாகுவில் நடந்த மாநாட்டுக்குப் போனார்கள். தொண்டு நிறுவனங்கள் செலவை ஏற்றதாகக் காகிதத்தில் இருந்தது, நெறிமுறைக் குழுவும் பயணத்துக்கு முன் அனுமதி கொடுத்திருந்தது. உண்மையில் பணம் அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனமான சோகாரிடமிருந்து வந்தது என்று அலுவலகம் கண்டறிந்தது. கம்பளம், படிகத் தேநீர்க் கோப்பை, பட்டுத் துணி என்று பரிசுகளும் வந்திருந்தன.

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே நெறிமுறைக் குழு அதை நிறுத்திக் கோப்பைத் தன்னிடம் தரும்படி கேட்டது. வாரியம் நிறுத்தவில்லை, முடித்துவிட்டுத்தான் அனுப்பியது. 2015 ஜூலை 31 அன்று குழு, உறுப்பினர்கள் யாருக்கும் பணத்தின் மூலம் தெரியாது என்று விடுவித்தது. கூடவே, அலுவலகத்தின் அறிக்கையை வெளியிட மாட்டோம் என்றது. அக்டோபரில் வாரியம் தானாகவே அதை வெளியிட்டது. இரு கட்சியினரும் நியமித்த அந்த வாரியத்தினர் சபையின் சொந்தக் குழுவை எதிர்த்து இதைச் செய்தார்கள். அவர்களில் யாருக்கும் இதனால் ஒரு லாபமும் இல்லை. பயணத்துக்குப் பணம் தந்ததாகச் சொன்ன தொண்டு நிறுவனம் ஒன்றின் தலைவர், பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்ததாக 2018 டிசம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அறிக்கை பூட்டியே கிடந்திருந்தால் அந்த வழக்கின் பின்னணி மக்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

2017 ஜனவரி 2, மாலை

புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை வந்ததால் திங்கள் விடுமுறை. மறுநாள் புதிய சபை பதவியேற்க வேண்டும். அன்று மாலை குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மூடிய அறையில் கூடினார்கள். வர்ஜீனியாவின் பாப் குட்லாட் ஒரு திருத்தம் வைத்தார். அலுவலகம் நெறிமுறைக் குழுவின் கீழ் வர வேண்டும், பெயர் தெரியாதவர் தரும் தகவலை எடுக்கக் கூடாது, செய்தித் தொடர்பாளர் கூடாது, குழுவின் அனுமதி இல்லாமல் எதையும் வெளியே விடக் கூடாது. சபாநாயகர் பால் ரயனும் பெரும்பான்மைத் தலைவர் கெவின் மெக்கார்த்தியும் வேண்டாம் என்றார்கள். 119க்கு 74 என்று திருத்தம் நிறைவேறியது.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். சம்மன் பற்றி அதில் பேச்சில்லை, ஏற்கெனவே இல்லாததைப் பறிக்க வேண்டியதில்லை. தண்டனை பற்றியும் இல்லை. அவர்கள் குறி வைத்தது வெளியே சொல்லும் உரிமையை. 2008இல் பலர் சின்ன விஷயமாக நினைத்த பிரிவுதான் உறுப்பினர்களை உறுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. திருத்தத்தை ஆதரித்தவர்கள், பொய்ப் புகாருக்குப் பதில் சொல்லவே வழக்கறிஞருக்குப் பெரும் பணம் செலவாகிறது, யார் குற்றம் சாட்டினார் என்றே தெரிவதில்லை என்றார்கள். அது உண்மையான வலிதான். அதற்குத் தீர்வு வழக்குச் செலவைத் திருப்பித் தருவதும், நடைமுறையைச் சீராக்குவதும். அறிக்கையைப் பூட்டி வைப்பது எப்படித் தீர்வாகும்?

மறுநாள் காலை உறுப்பினர்களின் அலுவலகத் தொலைபேசிகள் ஓயவில்லை. உங்கள் உறுப்பினர் யார் என்ற தேடல் இணையத்தில் எகிறியது. அதிபராகப் பதவியேற்கவிருந்த டிரம்ப், அலுவலகத்தின் மீது குறை இருக்கலாம், அதற்காக இதுவா உங்கள் முதல் வேலை என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். 2006 ஊழலின் நாயகனான ஏப்ரமாஃபே, சிறை சென்று வந்த பிறகு, இது தவறு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். மதியத்துக்குள் குடியரசுக் கட்சியினர் அவசரமாகக் கூடித் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். முழுதாக ஒரு நாள்கூட அது உயிரோடு இல்லை. டிரம்பின் பதிவுதான் காரணம் என்று சிலர் எழுதினார்கள். தொலைபேசிகள் அதற்கு முன்பே ஒலிக்கத் தொடங்கிவிட்டன என்பதை மறக்கக் கூடாது என்பேன்.

அதே ஆண்டு இந்த அலுவலகம் என்ன செய்ய முடியும் என்பதும், என்ன முடியாது என்பதும் ஒரே வழக்கில் தெரிந்தன. நியூயார்க்கின் கிறிஸ் காலின்ஸ், இன்னேட் என்ற ஆஸ்திரேலிய மருந்து நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தபடியே அதன் பங்குகளை வைத்திருந்தார். அலுவலகத்தினர் 2017 ஜூன் தொடக்கத்தில் அவரிடம் நேரில் கேள்வி கேட்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 22 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நடந்த விருந்தின்போது மருந்துச் சோதனை தோற்றது என்ற செய்தி அவருக்கு மின்னஞ்சலில் வந்தது. அங்கிருந்தே மகனை அழைத்துச் சொன்னார். குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் விலை விழும் முன் பங்குகளை விற்றார்கள். விசாரணையில் இருப்பவர் என்ற அச்சம் அவரைத் தடுக்கவில்லை.

ஜூலையில் வாரியம் கோப்பை அனுப்பியது. அக்டோபரில் கெடு முடிந்து, காலின்ஸ் உள்தகவலைப் பகிர்ந்தார் என்று நம்பக் கணிசமான காரணம் இருக்கிறது என்ற அறிக்கை வெளியானது. அது அவருடைய முந்தைய நடத்தை பற்றியது, புல்வெளி அழைப்பு அப்போது தெரியாது. 2018 ஆகஸ்டில் அந்த அழைப்புக்காகக் கைதானார், 2019இல் ஒப்புக்கொண்டார், 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது, 2020 டிசம்பரில் டிரம்ப் மன்னித்தார். மன்னிப்பு தண்டனையை நீக்கியது. அறிக்கையை யாராலும் நீக்க முடியவில்லை, அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

விதியா, சட்டமா

இந்த ஏற்பாட்டின் ஆழமான பலவீனம் சம்மனைவிட அடியில் இருக்கிறது. அலுவலகம் சட்டத்தால் பிறந்ததல்ல, சபையின் தீர்மானத்தால் பிறந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய சபை கூடும்போது விதித் தொகுப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டால்தான் அதற்கு உயிர். கென்டக்கி 1993இல் சட்டம் போட்டது. கப்யுவானோவுக்கு நடைமுறைத் தீர்மானத்தில் 207 வாக்குதான் கிடைத்தது, செனட்டில் வந்த திருத்தத்துக்கு 27. சட்டத்துக்கு இரண்டு சபைகளும் வேண்டும், அந்த வழி அவருக்கு அடைபட்டிருந்தது. அவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது கிடைக்காததை இப்போது கேட்காமல் இருப்பதற்குக் காரணம் இல்லை. சட்ட அடிப்படை வேண்டும், அதோடு சம்மனும் வேண்டும்.

ஏனென்றால் 2017க்குப் பிறகு யாரும் அலுவலகத்தை நேரடியாக மூட முயலவில்லை, வேறு வழிகள் வந்தன. 2023 ஜனவரி விதித் தொகுப்பில் வாரியத்தினருக்கு எட்டு ஆண்டு வரம்பு அமலுக்கு வந்தது, நீண்ட நாள் இருந்தவர்கள், பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி நியமித்தவர்கள், ஒரே நாளில் வெளியேற வேண்டியதாயிற்று. ஊழியர்களின் நியமனத்தை வாரியம் 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பதவி வரம்பு என்று மட்டும் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. வாரியத்தில் ஆட்கள் இல்லாத நேரத்தில் 30 நாள் கெடு வைப்பதில்தான் சிக்கல். 2017 போல யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை, இவ்வளவு நுணுக்கமான விதிக்காக மக்கள் அழைக்க மாட்டார்கள்.

2025 ஜனவரி 3 அன்று நிறைவேறிய விதித் தொகுப்பில் அலுவலகத்தின் பெயரை 'நாடாளுமன்ற நடத்தை அலுவலகம்' என்று மாற்றினார்கள். அறிக்கை வெளியிடும் கெடு அப்படியே இருக்கிறது. அடுத்த விதித் தொகுப்பு 2027 ஜனவரியில் வரும். செனட் சபையில் இப்படி ஓர் அலுவலகம் இன்றுவரை இல்லை.